ஒரே கூரையாகத் தெரிந்த ஐந்து வீடுகள்

என்ன வேலை என்று யாராவது கேட்டால் "மேப் வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். என் கணவர் பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். அவருக்கே இரண்டு முறை விளக்கியிருக்கிறேன். இரண்டு முறையும் தலையாட்டிவிட்டு, மூன்றாவது முறை, "அதான, வழி காட்டுற மேப்?" என்று கேட்டார். அதன் பிறகு விட்டுவிட்டேன்.

வழி காட்டுகிற மேப் இல்லை. ட்ரோன் ஓர் இடத்தின் மேல் குறுக்கும் நெடுக்கும் பறந்து ஆயிரக்கணக்கில் படம் எடுக்கும். இன்னொரு குழு அவற்றை ஒட்டித் தைத்து ஒரே படமாக்கும். அந்தப் படம் என் கைக்கு வரும்போது சாதாரணக் கம்ப்யூட்டரில் திறக்கவே முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கும். எங்கோ ஓர் அலுவலகத்தில், பழைய கம்ப்யூட்டரில், திணறுகிற இணைப்பில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது பளிச்சென்று திறக்க வேண்டும். அதற்கு வழி செய்வதுதான் என் வேலை.

செய்கிற விதம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி வைப்போம். பார்ப்பவருடைய திரையில் இருக்கும் இடத்துக்கு உரிய சதுரங்கள் மட்டும் அவருக்குப் போகும்; மீதி சர்வரிலேயே கிடக்கும். தூரத்திலிருந்து பார்க்க ஓர் அடுக்கு, கிட்டே போய்ப் பார்க்க இன்னோர் அடுக்கு, இன்னும் கிட்டே போக இன்னொன்று என்று அடுக்கடுக்காக வெட்ட வேண்டும். ஒவ்வோர் அடுக்கு கீழே இறங்கும்போதும் சதுரங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். ஆகவே ஆக அடியில் இருக்கும் அடுக்குதான் இடத்தை விழுங்கும். துணி காயும் கொடியும், கூரையின் விரிசலும், வாசலில் கழற்றிப் போட்ட செருப்பும் தெரிகிற அடுக்கு அது.

எங்கள் அலுவலகம் ஓசூர் ரோட்டில், பொம்மனஹள்ளி தாண்டி, ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. நான் லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நின்றபடியே பாதி வேலையை மனதுக்குள் முடித்துவிடலாம். என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். எங்கள் மேனேஜரும் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்தான். கோபப்பட்டுக் கத்தும் பழக்கம் இல்லாதவர். கெட்ட செய்தியைக்கூட டீ குடித்துக்கொண்டே சொல்வார்.

அந்த வருடம் எங்களுக்கு ஓர் ஏரி வந்தது. அலுவலகத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்த ஏரிதான். அதைச் சுத்தம் செய்து, சுற்றிலும் வேலி போட்டு, நடைபாதை அமைக்கப் போகிறார்கள். கரையில் வீடு கட்டிக்கொண்டு இருப்பவர்களைக் கணக்கெடுத்து, வேறிடத்தில் அடுக்குமாடி வீடு கொடுத்து அனுப்புவது திட்டம். அதற்குத்தான் படம். அரசு அலுவலர்கள் படத்தைப் பார்த்து ஒவ்வொரு கூரையைச் சுற்றியும் கோடு போட்டு எண் கொடுப்பார்கள். பிறகு ஆட்கள் நேரில் போய், அந்த எண்ணுக்கு உரிய வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எழுதி வருவார்கள்.

படத்தை முதலில் அப்படியே ஏற்றிக் கொடுத்தோம். மூன்றாம் நாளே அவர்கள் அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது. பக்கம் திறக்கவில்லை, வெள்ளையாகவே நிற்கிறது, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று.

மேனேஜர் டீயோடு என் மேஜைக்கு வந்தார். "அங்க இருக்கிற மேடம் ரொம்ப கோவமா பேசிட்டாங்க மா. இத தெறக்கறதுக்குள்ள நடந்தே போய் ஏரியப் பாத்துட்டு வந்துடலாம்னு சொல்றாங்க. மூணு செகண்டுக்குள்ள வரணும். என்ன செய்யலாம்னு பாருங்க."

நான் அந்த வேலையில் கெட்டிக்காரி. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் இந்தக் கதையில் நடந்ததற்கெல்லாம் காரணம் என்பதால் சொல்கிறேன்.

*

எங்கள் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு ஓர் அக்கா இருந்தார். பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் பல வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்து, இடுப்பு வலி தாங்காமல் அதை விட்டுவிட்டு எங்களிடம் வந்தவர். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். கன்னடம் தண்ணீர் மாதிரி பேசுவார். வயது என்னைவிட ஏழெட்டு அதிகம் இருக்கும். ஆனாலும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் என்று நான் சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரு மத்தியானம் டீ கொண்டுவந்து வைத்தவர் நகராமல் நின்றார். என் திரையில் ஏரிப் படம் இருந்தது.

"இது எங்க ஏரி மாரி கீதே மேடம்?"

"உங்க ஏரியா? நீங்க அங்கயா இருக்கீங்க?"

"அந்தாண்ட கரையில. மசூதி தாண்டி. அய்யய்யோ, அதோ பாருங்க, அதான் பம்ப் ஹவுஸு."

வெளியாட்களுக்குப் படத்தைக் காட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அக்காவை வெளியாள் என்று எனக்குத் தோன்றவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இடம் விட்டேன். பம்ப் ஹவுஸிலிருந்து இடது பக்கம் போகச் சொன்னார். போனேன். ஒரு பெரிய புங்க மரம். அதை ஒட்டி நீளமாக ஒரு வரிசை வீடு. ஐந்து வீட்டுக்கும் சேர்த்துப் போட்ட சிமெண்ட் ஷீட் கூரை. ஆக அடி அடுக்குக்கு இறங்கினேன். படம் தெளிந்தது.

அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார்.

ஐந்து வீடும் தனித்தனியாகத் தெரிந்தன. ஷீட்டுகளுக்கு நடுவே சுவர் ஏறி நிற்கும் கோடு, ஒவ்வொரு வாசலிலும் ஒரு டிரம், ஒரு வீட்டின் முன்னால் சாய்த்து வைத்த சைக்கிள். நான்காவது கூரையில் ஒழுகலை அடைக்க ஒரு நீலத் தார்ப்பாய். அது பறக்காமல் இருக்க மேலே இரண்டு டயர்.

"அந்த டயரு என் வூட்டுக்காரரு போட்டது. போன மழையில. ஏணி வழுக்கி கீழ வுழுந்தாரு." சிரித்தார். "இவ்ளோ கிட்ட வந்து யாரு மேடம் படம் புடிச்சது? எங்களுக்கு ஒண்ணியும் தெரியலயே?"

"ட்ரோன் அக்கா. சத்தம் கேட்டிருக்குமே."

"ஆமா ஆமா, ஒரு நா பறந்துச்சு. யாரோ கல்யாண வீடியோ எடுக்கறாங்கன்னு புள்ளைங்க எல்லாம் கை ஆட்டிச்சுங்க."

அதன் பிறகு நாலைந்து தடவை வந்து பார்த்தார். ஒரு தடவை பத்தாவது படிக்கும் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே, அவள் உட்கார்ந்து படிக்கும் வாசல்படியைக் காட்டினார். வேறு வீடு கொடுக்கப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஏரியை விட்டுப் போவதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. "கொசு, பாம்பு, மழ வந்தா தண்ணி. மாடி வூடுன்னா நல்லதுதான மேடம்?" என்றார்.

*

படத்தைச் சீக்கிரம் திறக்கவைக்க இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி, முழுப் படத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை அதன் தலைப்பிலேயே எழுதி, வேண்டிய துண்டை மட்டும் உருவிக் கொடுக்கும்படி மாற்றி அமைப்பது. அதற்கு சர்வரில் இன்னும் கொஞ்சம் இடமும் வேகமும் வேண்டும். சர்வர் எங்களுடையது அல்ல, அவர்களுடையது. இடம் கேட்டு மெயில் போட்டு, அது நான்கு மேஜை தாண்டி, ஒப்புதல் வந்து சேர வாரங்கள் ஆகும்.

இரண்டாவது வழி, அடி அடுக்குகளை வெட்டி எறிவது. ஓர் அடுக்கு போனால் மொத்தம் கால் பங்காகச் சுருங்கும். இன்னொன்று போனால் அந்தக் காலிலும் கால். யார் எந்த அடுக்கு வரை போய்ப் பார்க்கிறார்கள் என்று பதிவைப் பார்த்தேன். அடி அடுக்குகளை அநேகமாக யாருமே திறக்கவில்லை. அவை திறக்காமல் நின்றதால்தான் யாரும் பார்க்கவில்லை என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. யாருக்கும் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று அடுக்குகளை நீக்கினேன். மிச்சம் இருந்த படங்களையும் நன்றாக இறுக்கிச் சுருக்கினேன். பார்ப்பவர் அதற்கு மேல் பெரிதாக்கினால், கடைசி அடுக்கையே இழுத்து நீட்டிக் காட்டும். "இதற்குக் கீழ் தெளிவு கிடையாது" என்று ஓரத்தில் ஒரு வரி வரும்படி செய்திருக்கலாம். பத்து நிமிட வேலை. பார்க்கிறவருக்கு ஏதோ குறைபோலத் தெரியும் என்று அதைப் போடவில்லை.

முடித்ததும் ஒரு தடவை புங்க மரத்துப் பக்கம் போய்ப் பார்த்தேன். இதை நான் யாரிடமும் ரொம்ப நாள் சொல்லவில்லை. போய்ப் பார்த்தேன். ஐந்து வீடும் ஒன்றாகக் கலந்து சாம்பல் நிறத்தில் ஒரே பட்டையாகத் தெரிந்தது. நீலம் இருந்த இடத்தில் லேசாக ஒரு கறை. ஆட்கள்தான் நேரில் போகப் போகிறார்களே, போனால் தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்துப் பக்கத்தை மூடினேன்.

அடுத்த வாரம் அந்த அலுவலகத்தில் காட்டினோம். கோபப்பட்ட மேடம் தன் பழைய கம்ப்யூட்டரில் தானே திறந்தார். கண் இமைப்பதற்குள் ஏரி முழுவதும் வந்து நின்றது. இழுத்தார், பெரிதாக்கினார், மறுபடி இழுத்தார். எங்கேயும் தங்கவில்லை. "சூப்பர்" என்றார். திரும்பி வரும்போது மேனேஜர் அரை கிலோ மைசூர்பாகு வாங்கினார். அக்காதான் அதைத் தட்டில் வைத்து எல்லாருக்கும் கொடுத்தார். என் முன்னால் வந்து, "உங்க வேலயாமே மேடம்?" என்று சொல்லி இரண்டு துண்டு வைத்தார்.

*

நான்கு மாதம் போயிருக்கும். நான் வேறு இரண்டு ஏரிகளையும் ஒரு காபித் தோட்டத்தையும் முடித்திருந்தேன். ஒரு காலை, அலுவலகத்தில் வேறு யாரும் வருவதற்கு முன், அக்கா போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

"மேடம், இத்தக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. எம் பொண்ணு படிச்சா. தப்பா படிக்கிறாளோன்னு."

ஒரு சுவரில் ஒட்டிய பட்டியலைப் படம் பிடித்திருந்தார்கள். கன்னடத்தில் இருந்தது. வீடு பெறுவோர் பட்டியல். மகள் சரியாகத்தான் படித்திருந்தாள். அக்கா இருந்த வரிசைக்கு ஒரே எண். அதற்கு நேராக முதல் வீட்டுக்காரர் பெயர். மற்ற நான்கு வீடும் இல்லை.

"நேர்ல வந்து எழுதினாங்க இல்ல?"

"வந்தாங்களாம். நான் இங்க வேலயில. வூட்டுக்காரரு லோடு ஏத்தப் போய்ட்டாரு. நம்பருக்கு ஒரு வூடுதான்னு சொல்லி, மொத கதவத் தட்டி எழுதிக்கினு போய்ட்டாங்களாம். பக்கத்து வூட்டுப் பொண்ணு நாங்களும் இங்கதான் இருக்கோம்னு சொல்லிச்சாம். ஒரே வூட்டுல கூட்டுக் குடும்பம்னு எழுதிக்கினாங்களோ என்னமோ." அவர் பதறவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "அதனால என்ன மேடம், நம்மகிட்ட படம் கீதே. அஞ்சு வூடும் தனித்தனியா தெரிஞ்சுதே. அத்தக் காட்டினா முடிஞ்சுது."

நான் திறந்தேன். உடனே வந்தது. மூன்று செகண்டுகூட ஆகவில்லை. பம்ப் ஹவுஸ், புங்க மரம், சாம்பல் பட்டை. பெரிதாக்கினேன். பட்டைதான் பெரிதானது.

அக்கா குனிந்து பார்த்தார். திரையில் விரல் வைத்துத் தேடினார். "எங்க போச்சு? டயரக் காணோமே?"

"படம் கொஞ்சம் மங்கலா இருக்கு அக்கா" என்றேன்.

"அன்னிக்கு நல்லா இருந்துச்சே?"

"ஆமா. இப்போ... என்னன்னு பாக்கறேன்."

அவர் போய்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கை கழுவுவதுபோல் ரொம்ப நேரம் நின்றிருந்தேன்.

மேனேஜரிடம் அன்றே சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை. படத்தில் தெளிவு குறைந்ததால் எண்ணிக்கை தப்பியிருக்கிறது, முழுப் படத்தை ஏற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். "நம்ம வேல படத்தக் காட்டுறது மா. எண்றது அவங்க வேல. நேர்ல போனவன் கண்ணத் தொறந்து பாத்திருக்கணும்."

"நாம காட்டுனதப் பாத்துத்தான சார் எண்ணினாங்க?"

"நான் இல்லன்னு சொல்லல. ஆனா இப்ப நாமளே போய் எங்க படம் சரியில்லன்னு எழுதிக் குடுத்தா, அடுத்த ஏரி நமக்கு வருமா? பதினோரு பேரு இருக்கோம்." டீயை மறுபடி கையில் எடுத்தார். "டிஸ்க் ஸ்பேஸ் கேட்டு ஒரு மெயில் போடுங்க. ரீசன் எதுவும் எழுதாதீங்க. இம்ப்ரூவ்மெண்ட்னு எழுதுங்க."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் சொன்னபடியே இம்ப்ரூவ்மெண்ட் என்றுதான் நானும் எழுதினேன்.

மூலப் படம் அலுவலக அலமாரியில் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தது. அன்று மத்தியானம் அதை எடுத்து, புங்க மரத்து வரிசையை மட்டும் வெட்டி, கீழே தெருவில் ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் கலரில் அடித்தேன். ஐந்து வீடும் தெரிந்தன. சைக்கிளும் தெரிந்தது. ஒப்பந்தப்படி அது திருட்டு. அதைப் பற்றி அன்று எனக்குக் கவலை இல்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு அக்காவோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். அக்கா நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்து வந்திருந்தார். ஆதார், ரேஷன் கார்டு, மகளின் பள்ளிக்கூடச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். ரேஷன் கார்டில் பழைய முகவரி. கரண்ட் முதல் வீட்டுக்காரர் மீட்டரிலிருந்து இழுத்தது.

அதே மேடம்தான். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு உட்காரச் சொன்னார். அக்காவையும் உட்காரச் சொன்னார். அக்கா கன்னடத்தில் தெளிவாக, அவசரப்படாமல் எல்லாம் சொன்னார். மேடம் கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்தார். நொடியில் ஏரி வந்தது. எண்ணைத் தட்டினார். பட்டை வந்து நின்றது. திரையை எங்கள் பக்கம் திருப்பி, "இதரல்லி ஒந்தே இதெயல்லா" என்றார். இதில் ஒன்றுதானே இருக்கிறது என்று.

நான் தாளை விரித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். முகம் மாறியது. அவருக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அதே ட்ரோன் எடுத்த படம்தான், அதே நாள், இதுதான் மூலம் என்றேன். அப்படியென்றால் ஏன் இது தளத்தில் இல்லை என்றார். சீக்கிரம் திறப்பதற்காகக் குறைத்தோம் என்றேன். நாங்கள் கேட்டது சீக்கிரம் திறக்க வேண்டும் என்று; வீட்டைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை என்றார். குரல் உயரவே இல்லை. பிறகு, கையில் கொண்டுவரும் தாளை வைத்துப் பட்டியலை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, தளத்தில் இருப்பதுதான் எங்களுக்குப் படம், அதில் வரட்டும், மறு ஆய்வுக்கு எழுதுகிறேன், ஆனால் ஆட்சேபம் சொல்லும் நாள் முடியப் போகிறது என்று சொல்லி, தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

நாங்கள் பேசியது முழுவதும் கன்னடத்தில். அக்காவுக்கு ஒரு சொல்கூடத் தப்பியிருக்காது.

பஸ் ஸ்டாப்பில் நின்றோம். வெயில். நானே சொன்னேன்.

"அந்தப் படத்தக் கொறச்சது நான்தான் அக்கா. வேற யாரும் இல்ல. கொறச்சதுக்கு அப்புறம் உங்க வரிசையப் பாத்தேன். ஒண்ணாத் தெரிஞ்சுது. பாத்தும் விட்டுட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. கணக்கு தப்பிப்போனவர் மறுபடி கூட்டிப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை.

"எதுக்கு மேடம்?"

"சீக்கிரம் தெறக்கணும்னு."

"யாருக்கு?"

எனக்குப் பதில் தெரியும். அவருடைய பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். நான் அதே பஸ்ஸில் போக வேண்டியவள்தான். அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டார். இந்தத் தடவை என் வேலை அவருக்கு நன்றாகவே புரிந்தது. "நீ வேணும்னா செஞ்ச? இல்லையே" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அடுத்த ஞாயிறு சர்ச்சில், செய்த பாவங்களுக்காகவும் செய்யாமல் விட்டவற்றுக்காகவும் எல்லாரும் சேர்ந்து ஜெபம் சொல்லும் இடத்தில் என் வாய் அசையவில்லை. பக்கத்தில் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

*

நான்கு வீட்டில் இரண்டு வீட்டுக்காரர்களிடம் தனி மீட்டரும், தங்கள் பெயரில் கரண்ட் பில்லும் இருந்தன. அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அக்காவும், அவருக்கு அடுத்த கடைசி வீட்டில் ஒரு தையல்காரர் குடும்பமும் சேரவில்லை. இவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று முதல் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால் உதவும் என்றார்கள். அக்கா போய்க் கேட்டார். "எழுதிக் குடுத்தா எனக்கு வந்ததும் பூடும்" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டாராம். பதினாறு வருடம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள்.

சர்வரில் இடம் வந்தது. நான் எழுதிய மெயில் எந்த மேஜையிலும் அத்தனை நாள் தங்கவில்லை. நான் பயந்ததில் பாதி நாளில் வந்துவிட்டது. ராத்திரி பகல் பார்க்காமல் முழுப் படத்தையும் முதல் வழியிலேயே மாற்றி அமைத்து ஏற்றினேன். அடி அடுக்கு வரை எல்லாம் தெரிந்தது. கொஞ்சமும் தாமதம் இல்லாமல் திறந்தது. யாரும் போன் செய்து கத்தவில்லை. ஆரம்பத்திலேயே இரண்டு வாரம் பொறுத்திருந்தால் இதே படம் இதே வேகத்தில் அவர்கள் முன்னால் இருந்திருக்கும். நான் ஏற்றிய அன்று ஆட்சேப நாள் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மேடம் மறு ஆய்வுக்கு எழுதியிருந்தார். சொன்னபடி எழுதியிருந்தார். அதற்குப் பதில் வரவே இல்லை.

வீடுகளை இடித்த காலை நான் போயிருந்தேன். போகாமல் இருக்கலாம் என்று பஸ்ஸில் முழுவதும் நினைத்துக்கொண்டே போனேன். சாமான்களை எல்லாம் புங்க மரத்தடியில் எடுத்து வைத்திருந்தார்கள். பீரோ, கேஸ் அடுப்பு, மடித்த பாய், ஒரு டிவி. அக்காவின் மகள் பள்ளிக்கூடச் சீருடையில் பீரோமேல் உட்கார்ந்து, மடியில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இருந்தாள். ஜேசிபி ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தது. ஐந்து வீட்டையும் இடிக்க ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. சிமெண்ட் ஷீட் உடையும் சத்தம் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. தூசிதான் நிறைய.

அக்கா என்னைப் பார்த்தார். "ஆபீஸ் போலயா மேடம்?" என்று கேட்டுவிட்டு, வண்டிக்காரரிடம் பீரோவை எப்படி ஏற்ற வேண்டும் என்று சொல்லப் போய்விட்டார்.

சந்தாபுரம் தாண்டி ஒரு ரூம் பிடித்துப் போனார்கள். அங்கிருந்து எங்கள் அலுவலகத்துக்குத் தினமும் வந்து போவது கட்டுப்படியாகாது. பத்து நாள் வந்து பார்த்தார், பிறகு நின்றுகொண்டார். மேனேஜர் அவருக்கு ஒரு நல்ல கடிதம் எழுதிக் கொடுத்தார். அவர் அந்தக் கடிதத்தை அடித்து அடித்துத் திருப்பி எழுதியதை நான் பார்த்தேன். அடுத்த ஏரி எங்களுக்கு வந்தது. நான் அதில் வேலை செய்தேன். வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை. கூட்டங்களில், இந்தப் படத்தை வைத்து யார் எதை எண்ணப் போகிறார்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். முதலில் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். பிறகு நான் வாயைத் திறந்தாலே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மழைக்காலம் முடியும் சமயம் ஒரு சனிக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். மகளிடம் முகவரி வாங்கியிருந்தேன். மெயின் ரோட்டிலிருந்து ரொம்ப தூரம் உள்ளே நடக்க வேண்டும். ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. அக்காவின் கணவர் முதுகில் பெல்ட் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். லோடு வேலைக்கு இனிமேல் போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மகள் பள்ளிக்கூடம் மாற்ற முடியாததால், பொம்மனஹள்ளியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். சனிக்கிழமை வருவாள், இன்னும் வரவில்லை.

அக்கா காபி போட்டுக் கொடுத்தார். ஓர் அபார்ட்மெண்டில் வேலைக்குப் போகிறார். கிளம்பும் நேரம். நான் குடித்து முடிக்கும்வரை அவசரம் காட்டாமல் நின்றார்.

"வேல எப்பிடிப் போவுது மேடம்?"

"போவுது அக்கா."

"நல்லாச் சாப்புடுங்க. எளச்சுட்டீங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவருடைய கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யார், என்ன செய்தேன் என்று அவரிடம் அக்கா சொல்லியிருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருக்க மாட்டார் என்று அவர் சிரித்த விதத்தில் தோன்றியது.

இருவரும் வெளியே வந்தோம். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "இவ்ளோ தூரம் வராதீங்க மேடம். ஒங்களுக்கு எதுக்கு கஷ்டம்." முனை வரைக்கும் சேர்ந்து நடந்தோம். அவருக்கு இடது பக்கம் போக வேண்டும், எனக்கு வலது பக்கம். நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்து போனார். நான் பஸ் ஸ்டாப்பை விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். பஸ் வர அரை மணி ஆகும் என்றார்கள்.